யாரைக் கேட்டு மாறுகிறது தோட்டம்?

போன தீபாவளிக்குச் செர்காமில் பெரியப்பா வீட்டில் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியில் மலாய்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வடக்கே எங்கோ ஒரு ‘லாடாங் சோலார்’ திறப்பு விழா. அமைச்சர் ரிப்பன் வெட்டினார். அவருக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கறுப்புப் பலகைகள். பாதித் தூக்கத்தில் இருந்த பெரியப்பா எழுந்து உட்கார்ந்து, “எந்த லாடாங் அது? சோலார்னு ஒரு தோட்டமா? கேள்விப்பட்டதே இல்லையே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. ஜாசின் வட்டாரத்தில் அவருக்குத் தெரியாத தோட்டம் கிடையாது. எந்தத் தோட்டத்தில் யார் மண்டோர், எந்தக் கோயிலில் எந்த மாசம் திருவிழா, எந்தத் துரை போன பிறகு கிராணி வீட்டை இடித்தார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். மலாயில் லாடாங் என்றால் தோட்டம். சூரிய மின்பலகைகளை வரிசையாக நட்டுவைத்த இடத்துக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். மரம் இருந்த இடத்தில் பலகை, பாலுக்குப் பதில் கரண்டு என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: “சரி, அங்க லயத்துல இருந்தவங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. கோலாலம்பூர் திரும்பிய பிறகு சட்டங்களையும் பழைய வரலாறுகளையும் புரட்டிப் பார்த்தேன். பெரியப்பாவின் கேள்விக்கு நூற்றிருபது வருஷத்துக்கும் மேலான வயது இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

கிழங்குக் காடும் கித்தா காடும்

மலாக்கா மண்ணில் ரப்பர் முதல் பயிர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே பெரிய அளவில் நடந்தது மரவள்ளிக்கிழங்குச் சாகுபடி. சீன முதலாளிகள் அரசாங்கத்திடம் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கி, காட்டை அழித்து, கிழங்கு போட்டார்கள். சில பட்டங்களிலேயே மண் செத்துவிடும். அதை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். விட்டுப்போன நிலத்தில் லாலாங் புல் மண்டும். ஜாசின் லாலாங் என்று ஒரு தோட்டத்துக்குப் பெயர், அங்கே இருந்த தமிழ்ப்பள்ளிக்கும் அதே பெயர். அந்தக் காலத்து மண்ணின் நிலைமை எனக்கு அந்தப் பெயரிலேயே கேட்கிறது.

மலாக்கா அப்போது நீரிணைக் குடியேற்ற நாடுகளில் ஒன்று. நிலத்தின் மேல் முடிவெடுத்தது காலனி அரசாங்கம். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன நிபந்தனை, எவ்வளவு வரி என்பதெல்லாம் கடிதத்திலும் அலுவலக மேசையிலும் தீர்ந்துவிடும். இந்த ஏற்பாட்டுக்குள்தான் ரப்பர் வந்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி ரப்பர் விதைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் நடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்கள் அவரைக் கிறுக்கன் என்றார்கள். மலாக்காவில் மரவள்ளித் தோட்டங்கள் வைத்திருந்த டான் சே யான் அவர் பேச்சைக் கேட்டார். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். இந்த நாட்டில் வணிகத்துக்காகப் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். பிறகு ஜாசின் மாவட்டத்தின் புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ரப்பரும் மரவள்ளியும் கலந்து போட்டார். 1906இல் அதை ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு நல்ல லாபத்துக்குக் கைமாற்றினார்.

இந்தக் கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. டான் சே யானின் துணிச்சலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், ரிட்லியின் பிடிவாதத்தைப் பற்றியும். புக்கிட் அசஹானில் காடு வெட்டியவர்கள், கிழங்கு பிடுங்கியவர்கள், அல்லூர் தோண்டியவர்கள் பற்றி ஒரு வரி தேட வேண்டியிருக்கிறது. 1906 கைமாற்றத்தை அவர்கள் எப்படித் தெரிந்துகொண்டிருப்பார்கள்? ஒருநாள் காலையில் பெரட்டுக்களத்தில் புது முகம் ஒன்று நின்றிருக்கும். அவ்வளவுதான்.

அடுத்த வருஷங்களில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவர அரசாங்கமே நிதி ஒன்றை ஏற்படுத்தியது. 1907இல் தொடங்கிய அந்த ஏற்பாடு கங்காணிகள் வழியாக இலட்சக்கணக்கானவர்களைக் கப்பல் ஏற்றியது. 1938இல் இந்திய அரசாங்கம் கூலிகளை உதவித்தொகையில் அனுப்புவதைத் தடை செய்யும்வரை அது ஓடியது. எங்கள் தாத்தா இராமநாதபுரத்துப் பக்கம் இருந்து வந்தவர். வந்தவருக்குத் தோட்டத்தில் லயத்துவீடு கிடைத்தது. வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று தொழிலாளர் சட்டமே சொன்னது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலையோடு ஒட்டிய வீடு வேலை போனால் கூடவே போகும். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்து செத்தாலும் அந்தத் தரையில் ஒரு சாண் உரிமை சேராது. தாத்தா நட்ட பலாமரம்கூட கம்பெனியின் பலாமரம்தான்.

பத்து வெள்ளி

நிலம் கைமாறும்போது தோட்டத்துச் சனங்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை நாடு முதன்முதலில் பெரிதாகக் கேட்டது 1950களில். சுதந்திரம் வரப்போகிறது என்றதும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பலதும் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். பெரிய தோட்டம் இருபது, முப்பது சொந்தக்காரர்களுக்குப் போனது. துண்டு வாங்கியவருக்கு லயம் வேண்டாம், ஆயாக்கொட்டகை வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். ஆட்களை நிறுத்தினார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். அதை ஆராய அரசாங்கம் பொருளியலாளர் உங்கு அசிஸைப் பணித்தது. அவர் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடல்களைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார்.

துன் வீ. தி. சம்பந்தன் எடுத்த வழி வேறு. விற்கிற நிலத்தை நாமே வாங்கிவிட்டால் என்ன? 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டம் தோட்டமாகப் போய், மாசம் பத்து வெள்ளி போடுங்கள், நூறு வெள்ளியில் ஒரு பங்கு என்று கேட்டார்கள். அன்றைய கூலியில் பத்து வெள்ளி சின்னக் காசு இல்லை. அந்தக் காசில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். பெரியப்பாவின் அப்பா பங்கு போட்டாரா என்று கேட்டேன். “போடணும்னு சொன்னாரு. ரெண்டு மாசம் போட்டாரு. அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் காலகட்டத்தின் கவலை பிறகு சட்டத்திலும் ஏறியது. தேசிய நிலச் சட்டத் தொகுப்பில் 214ஏ என்ற பிரிவு பின்னால் சேர்க்கப்பட்டது. நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தோட்டத்தைத் துண்டு போடுவதற்கு முன் அரசாங்கத்தில் யாராவது ஒருவர் யோசிக்க வேண்டும் என்ற ஏற்பாடு அது. வாரியம் யோசிக்கும். லயத்தைக் கேட்க வேண்டும் என்று அதில் இல்லை.

மூன்று வார்த்தைகள்

1966 சனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் அந்தத் தொகுப்பு, நிலத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. விவசாயம், கட்டடம், தொழில்துறை. தோட்டத்தின் கிரானில் பெரும்பாலும் விவசாயம் என்று இருக்கும். அதோடு சில சமயம் ரப்பர் மட்டும், செம்பனை மட்டும் என்று தனி நிபந்தனையும் இருக்கும். வகையை மாற்ற வேண்டுமானால் 124ஆம் பிரிவின் கீழ் நிலத்தின் சொந்தக்காரர் விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசு முடிவெடுக்கும். பிரிமியம் கட்டச் சொல்லும். துக்கார் ஷாராட் என்று நில அலுவலகத்தில் எல்லாரும் சொல்லும் வேலை இதுதான். விண்ணப்பத்தில் இரண்டே தரப்பு: நிலக்காரர், மாநிலம்.

ரப்பரைப் பிடுங்கிச் செம்பனை போட்டபோது வகையை மாற்றத் தேவை வரவில்லை, இரண்டும் விவசாயம். 1980களின் கடைசியில் நாடு முழுக்கச் செம்பனைப் பரப்பு ரப்பரைத் தாண்டிப் போனது. ரப்பர் மரத்துக்குத் தினம் ஆள் வேண்டும், செம்பனைக்கு அவ்வளவு வேண்டாம். ஜாசின் பக்கத்திலும் பல லயங்கள் அந்த மாற்றத்தில்தான் காலியாயின. வீடமைப்பும் கோல்ஃப் மைதானமும் வந்தபோதுதான் அந்த மூன்று வார்த்தைகளின் பலம் தெரிந்தது. விவசாயம் கட்டடமாக மாறிய இடங்களில் வேலையும் வீடும் ஒரே நாளில் போனது. 1980ஆம் ஆண்டின் பணிநிறுத்த ஈட்டுத்தொகை விதிமுறைகள், ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் இருபது நாள் சம்பளம் என்று கணக்கு வைத்திருக்கின்றன. முப்பது வருஷம் பால் வெட்டியவருக்கு அறுநூறு நாள் கூலி. கோயிலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளிக்கும் இல்லை. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவும் இன்னும் பகுதி உதவிபெறும் பள்ளிகளாகவே இருப்பதற்குக் காரணமே நிலம் தோட்டத்தினுடையது என்பதுதான்.

கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. அரசாங்கம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. தொழிலாளர் குடும்பங்களைத் தற்காலிகம் என்று சொல்லி 1982இல் அங்கேயே ரூமா பாஞ்சாங் எனப்பட்ட நீண்ட வரிசை வீடுகளில் குடியேற்றியது. ஏறக்குறைய நூறு குடும்பங்கள். வீடு வரும் என்ற வாக்குறுதி பல ஆட்சிகளைப் பார்த்துவிட்டது. 2017இல் பக்கத்திலிருந்த பூங்கா நிலத்தில் வானுயர அடுக்ககங்களுக்கு மாநகராட்சி அனுமதி கொடுத்தது. அந்தக் குடும்பங்களுக்கான வீடும் அதே திட்டத்துக்குள் ஒரு மூலையில் இருந்தது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வட்டாரத்து மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதி செல்லாது என்றது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. கட்டமைப்புத் திட்டத்தைத் தாண்டிப் போகும் திட்டமிடல் அதிகாரி காரணம் சொல்லியாக வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களுக்குக் காது கொடுத்தாக வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு வலுவாகச் சொல்கிறது.

நாட்டின் திட்டமிடல் வரலாற்றில் அது முக்கியமான தீர்ப்பு. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பூங்காவைக் காப்பாற்ற வழக்கறிஞர் வைத்து ஆறு வருஷம் போராட முடிந்தவர்கள் வீட்டுக்குக் கிரான் வைத்திருந்த நடுத்தர வர்க்கத்தினர். அந்த நிலத்தில் பால் வெட்டியவர்கள் நாற்பது வருஷமாகத் தற்காலிக வீட்டில் இருந்தார்கள்.

வெயில் காய்க்கும் தோட்டம்

இப்போது சூரியன். எரிசக்தி ஆணையம் 2016 முதல் பெரிய அளவிலான சூரிய மின்திட்டங்களுக்கு ஏலம் விடுகிறது. 2020இல் தொடங்கிய நான்காம் சுற்று 1,000 மெகாவாட். 2024இல் வந்த ஐந்தாம் சுற்று 2,000 மெகாவாட், அதில் 500 நீர்நிலைகளில் மிதப்பவை. 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க சக்திக்குக் கொண்டுபோவது 2023இல் அறிவித்த தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தின் இலக்கு.

எவ்வளவு நிலம் வேண்டும்? தெனாகா நேஷனல் சிலாங்கூரின் கோலா லங்காட்டில் 2018இல் ஓட்டத் தொடங்கிய 50 மெகாவாட் நிலையம் ஏறக்குறைய நூறு ஹெக்டரில் இருக்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு இரண்டு ஹெக்டர், அதாவது ஐந்து ஏக்கர். ஐந்தாம் சுற்றில் தரைக்கு வரக்கூடிய 1,500 மெகாவாட்டும் தரையிலேயே அமைந்தாலும் 3,000 ஹெக்டர்தான். நாட்டின் செம்பனைப் பரப்பு ஐம்பது இலட்சம் ஹெக்டருக்கு மேல். தேசத்தின் கணக்கில் இது ஒரு தூசு. ஆனால் அந்த நூறு ஹெக்டர் எந்த முக்கிமில் விழுகிறதோ, அந்த முக்கிமுக்கு அது தூசு இல்லை. சமதரை, நிழலில்லாத வெளி, மின்கம்பிக்கும் துணைமின் நிலையத்துக்கும் பக்கம், ஒரே சொந்தக்காரர். சூரியத் திட்டக்காரர்கள் தேடும் நிலம் இது. மேற்குக் கரையின் பழைய தோட்டங்கள் இந்த வர்ணனைக்கு அப்படியே பொருந்துகின்றன. தோட்டக் கம்பெனிகளும் இதைக் கவனித்துவிட்டன. வயசான செம்பனையை வெட்டி மறுநடவு செய்வதைவிட நிலத்தைச் சூரியனுக்கு வாடகைக்கு விடுவது லாபமாக இருக்கலாம் என்று வெளிப்படையாகவே பேசுகிறார்கள்.

மின்சாரம் விற்கும் ஒப்பந்தம் பெரும்பாலும் இருபத்தொரு வருஷம். செம்பனையின் பலன்தரும் காலம் ஏறக்குறைய இருபத்தைந்து. ஆக, சூரியனும் ஒரு மரத்தின் ஆயுசுக்குத்தான் நடப்படுகிறது. வித்தியாசம் ஆட்களில். ஒரு பால்வெட்டுக்காரர் ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் வெட்டினால் அது முழு நிரை. நூறு ஹெக்டர் ரப்பருக்கு எத்தனை குடும்பம் வேண்டியிருந்தது என்று பெரியப்பா விரல்விட்டு எண்ணிச் சொல்வார். நூறு ஹெக்டர் பலகைக்குப் புல் வெட்ட, கழுவ, காவல் காக்க, கணினியைப் பார்க்க ஒரு சிலர் போதும்.

நான் சூரிய சக்திக்கு எதிரி இல்லை. நிலக்கரி எரித்த கரண்டில்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மலாக்காவுக்கும் சூரியன் புதிதில்லை. ரெம்பியாவில் சூரிய மின்கலத் தொழிற்சாலை வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது, நம் பையன்களும் பெண்களும் அங்கே ஷிப்ட் பார்த்திருக்கிறார்கள். பெரியப்பா குடியிருந்த லயத்தில் ராத்திரி பத்து மணிக்கு எஞ்சினை நிறுத்திவிடுவார்களாம். “பரீட்சைக்குப் படிக்கணும்னா மண்ணெண்ணெ வெளக்குதான்” என்பார். அப்படி ஒரு லயம் இருந்த நிலத்திலிருந்து நாட்டுக்குக் கரண்டு போனால் நல்லதுதான். அந்த முடிவு எந்த மேசையில் எடுக்கப்படுகிறது, அந்த மேசைக்குப் பக்கத்தில் யாருக்கு நாற்காலி போடப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

அறிவிப்பு யாருக்கு?

ஒரு சூரியத் தோட்டம் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். மின்சாரம் கூட்டரசின் அதிகாரம், ஆகவே எரிசக்தி ஆணையத்தின் ஏலம். நிலம் மாநிலத்தின் அதிகாரம், ஆகவே துக்கார் ஷாராட். மூன்றாவது, திட்டமிடல் அனுமதி. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் அந்த அதிகாரத்தை ஊராட்சிக்குக் கொடுத்திருக்கிறது. செர்காமுக்கு அது ஜாசின் நகராண்மைக் கழகம்.

அந்தச் சட்டத்தின் 21(6) பிரிவைப் படித்தபோது பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. விண்ணப்பம் வந்ததும் பக்கத்து நிலங்களின் சொந்தக்காரர்களுக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும், இருபத்தொரு நாளுக்குள் அவர்கள் ஆட்சேபம் சொல்லலாம் என்கிறது. வார்த்தையைக் கவனிக்க வேண்டும்: சொந்தக்காரர்கள். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் கம்பெனிக்குக் கடிதம் போகும். அந்தத் தோட்டத்து லயத்தில் இருப்பவருக்குப் போகாது. மாற்றப்படும் நிலத்திலேயே குடியிருப்பவருக்கும் போகாது, அவர் அந்த நிலத்துக்குப் பக்கத்து நிலக்காரர்கூட இல்லையே. இன்றைக்கு அந்த லயங்களில் பெரும்பாலும் இருப்பது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும். நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள், அதே கடிதம் வராத இடத்தில்.

அதோடு முடியவில்லை. உள்ளூர்த் திட்டம் இன்னும் இல்லாத பகுதிகளுக்குத்தான் அந்த அறிவிப்பு கட்டாயம் என்று அதே பிரிவு சொல்கிறது. உள்ளூர்த் திட்டம் நடப்புக்கு வந்துவிட்ட இடத்தில், எந்த நிலம் எதற்கு என்பது ஏற்கெனவே பொதுமக்களிடம் கேட்டு முடிவானது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது.

பொதுமக்களிடம் எப்போது கேட்டார்கள்? இதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு தயாரானதும் 13ஆம் பிரிவின்படி அதை மக்கள் பார்வைக்கு வைத்து நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும். நேரில் வந்து பேச வேண்டும் என்று கேட்டால் அதற்கும் வழி இருக்கிறது. இங்கே சொந்தக்காரர் என்ற சொல் இல்லை. யார் வேண்டுமானாலும் சொல்லலாம். லயத்துக்காரர், வாடகைக்காரர், கோயில் கமிட்டி, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆடு மேய்ப்பவர், எல்லாரும்.

நான் அறிந்தவரை நம் ஆட்கள் அந்த நான்கு வாரத்தில் அந்தக் கூடத்துக்குப் போவது அபூர்வம். வரைபடம் நகராண்மைக் கழகத்தில் வேலை நேரத்தில் மாட்டியிருக்கும். மஞ்சள், பச்சை, ஊதா என்று நிறம் அடித்திருக்கும். விளக்கம் முழுக்க அரசாங்க மலாயில். பத்து வருஷம் கழித்து புல்டோசர் வரும்போது நாம் கூட்டம் கூட்டுகிறோம், பதாகை பிடிக்கிறோம், அரசியல்வாதியைக் கூப்பிடுகிறோம். அப்போது அதிகாரி மரியாதையாகச் சொல்வார்: “திட்டத்துல அப்பவே இருந்ததே.” அவர் சொல்வது பொய்யில்லை.

கமுதியிலும் ஜப்பானிலும்

தாத்தா விட்டுவந்த இராமநாதபுரத்தையும் பார்த்தேன். அங்கே கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 2,500 ஏக்கர். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அப்போது உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. வானம் பார்த்த பூமி, சீமைக்கருவேலம் மண்டிய கரம்பு, பெரிய விளைச்சல் இல்லை என்பதுதான் அந்த இடத்தைத் தேர்ந்ததற்குச் சொன்ன நியாயம். பட்டா வைத்திருந்தவர் விலை பேச முடியும். அந்தக் கரம்பில் ஆடு மேய்த்தவருக்கும், கருவேலம் வெட்டிக் கரி போட்டவருக்கும், பக்கத்துக் காட்டில் மிளகாய் பறிக்கக் கூலிக்குப் போனவருக்கும் விலை பேச என்ன இருக்கிறது? பஞ்சம் பிழைக்கக் கப்பல் ஏறியவரின் பேரன் செர்காமில் கேட்ட கேள்வியை, ஏறாமல் தங்கிவிட்டவரின் பேரன் கமுதியில் கேட்கலாம். கடலுக்கு இரண்டு பக்கமும் பேச்சுரிமை காகிதத்தின் பின்னால்தான் நடக்கிறது.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு ஜப்பான் ஓர் உதாரணம். 2013இல் அந்நாட்டு விவசாய அமைச்சு வயலுக்கு மேல் உயரமாகப் பலகை நட்டு, கீழே பயிரிட அனுமதி கொடுத்தது. அனுமதி நிரந்தரமில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். கீழே விளைவது வட்டாரத்துச் சராசரியைவிட இருபது விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது என்று நிபந்தனை. குறைகளும் ஏமாற்றுகளும் அங்கேயும் உண்டு. ஆனால் ஒன்று தெரிகிறது. அனுமதி என்பது ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில் மட்டும் இல்லை. அதில் நிபந்தனை எழுதலாம். வயலுக்கு விளைச்சலை எழுத முடிந்தால், தோட்டத்துக்கு லயத்தையும் கோயிலையும் சுடுகாட்டுப் பாதையையும் எழுத முடியும். டான் சே யான்கூட ரப்பருக்கு நடுவே மரவள்ளியை விட்டுவைத்தவர்தான். ஒரே நிலத்தில் இரண்டு பயிர் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை.

எழுதினால்தான் எழுதுவார்கள். கேட்டால்தான் எழுதுவார்கள்.

இதையெல்லாம் போன மாதம் செர்காம் போனபோது பெரியப்பாவிடம் சொன்னேன். 214ஏ, 124, 21(6) எல்லாம் அவருக்குச் சலிப்பாக இருந்தது. நான்கு வாரம், யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம் என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்தார்.

“கிரான் இல்லாட்டியுமா?”

“கிரான் இல்லாட்டியும்.”

“ஐசி இருந்தா போதுமா?”

போதும் என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு வாசலில் நின்றிருந்த என் தம்பியைக் கூப்பிட்டு, ஜாசின் கவுன்சிலில் அந்த வரைபடத்தை அடுத்து எப்போது மாட்டுவார்கள் என்று விசாரிக்கச் சொன்னார். மாட்டும்போது தன்னையும் காரில் கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம். வரைபடம் அவருக்குப் புரியாதே என்றான் தம்பி.

“எந்த லாடாங் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்டா. கலர் மட்டும் நீ சொல்லு” என்றார்.